மாட்டுப் பாலின் கொழுப்பு: இனமும் வயதும்

தென்காசி வட்டாரத்தில், அச்சன்புதூர் உட்பட, கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும் பாலின் விலையை லிட்டர் கணக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இதில் கொழுப்பை முதலில் தீர்மானிப்பது இனம். ஜெர்சிப் பாலில் ஏறத்தாழ 5 சதவீதம் கொழுப்பு; ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியனில் 3.5 சதவீதத்தை ஒட்டி நிற்கும். எருமையில் 7 வரை போகும். சேர்மானமும் மாறுகிறது: ஜெர்சிக் கொழுப்பில் குறுஞ்சங்கிலி அமிலங்கள் கூடுதல், ஹோல்ஸ்டீனில் ஒலியிக் அமிலம் கூடுதல். எருமை தன் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் நெய் வெள்ளை. பசு நெய் மஞ்சள்.

வயதின் பங்கு சிறிது. முதல் ஈத்துக்கும் ஐந்தாம் ஈத்துக்கும் இடையே கொழுப்பு 0.2 சதவீதம் போலக் குறையும், அவ்வளவே. கிழட்டு மாட்டுப் பால்தான் கெட்டி என்போர் உண்மையில் பார்ப்பது கறவைக் காலத்தின் கடைசியை. பால் வற்ற வற்றக் கொழுப்பு விகிதம் ஏறும். தலையீத்துப் பசுவுக்கும் அதே கதைதான். தீவனமே எல்லாம் என்ற மறுப்புக்கு வலு அதிகம். வைக்கோலைக் குறைத்து அரிசிக்கஞ்சியை அள்ளி வைத்தால், நாரிலிருந்து இரைப்பையில் உருவாகும் அசிட்டேட் குறைந்து, கொழுப்பு சட்டென்று இறங்கும். ஆனால் எவ்வளவு வைக்கோல் போட்டாலும் ஹோல்ஸ்டீன் ஜெர்சி ஆகாது. ஒவ்வொரு வேளைக் கறவையிலும் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு மிகுதி; அதை ஒட்டக் கறக்காமல் கன்றுக்கு விட்டவர், அளவீடு குறைந்ததற்கு மாட்டின் இனத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.