அஞ்சு காலி சாஷே, ஒரு ஷாம்பு

வீட்டுக் குப்பையை மூணாப் பிரிச்சுக் கொடுக்கணும்னு மத்திய அரசு விதி வந்தது 2016-ல. ஆனா நம்ம கடலூர், சிதம்பரம் பக்கம் வீடுகள்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே பிரிச்சாங்க. பேப்பர், பாட்டில், ஓட்டைக் குண்டான் எல்லாம் பழைய இரும்புக்காரர் வர்ற வரைக்கும் தனித்தனியா இருக்கும். எடைக்குக் காசு, இல்லேன்னா பேரீச்சம்பழம்.

எடைக்குப் போகாத சாஷேயும் இங்கிருந்துதான் கிளம்பியது. கூலி வேலை செய்றவங்களும் வாங்கணும்னு பொருட்களை சாஷேயில அடைச்சவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன், 1983-ல 15,000 ரூபாயோட சிக் ஷாம்பு கம்பெனியைத் தொடங்கினார். பின்னாடி ஒரு ஸ்கீம் விட்டார்: எந்த ஷாம்புவா இருந்தாலும் அஞ்சு காலி சாஷே கொடுத்தா ஒரு சிக் இலவசம். கொஞ்ச நாள்ல, சிக் சாஷே மட்டும்தான்னு மாத்திட்டார். வியாபார தந்திரம்தான், சுற்றுச்சூழல் அக்கறை இல்ல. ஆனாலும் காலி சாஷேவுக்கு ஒரு விலை இருந்துச்சு!

பல அடுக்கு பிளாஸ்டிக்கைப் பிரிச்சு எடுக்கிறது கட்டுப்படியாகாது. காயலான் கடைக்காரர் தொடமாட்டார். அதைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பை 2016 பிளாஸ்டிக் விதிகள் உற்பத்தியாளர் மேல வச்சது. தெருவுல, சாம்பார் ஒட்டின சாஷேயைக் கையால பொறுக்குறது தூய்மைப் பணியாளர். மக்காத குப்பைக் கூடையில நாமளே தனியாப் போட்டுட்டா, அவங்க அதுக்காக ஈரக் குப்பைக்குள்ள கை விட வேண்டாம்.