மண்பாண்டத் தொழில் (தேனி மாவட்டம்)

கண்மாய் வண்டலில் பானை, அடுப்பு, அகல் வனையும் வேளார்களின் தொழில். மணல் கலந்து மிதித்த களிமண்ணைச் சக்கரத்தில் அடி திறந்தபடி வனைந்தெடுத்து, சற்றுக் காய்ந்ததும் உள்ளே கல் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். நிழலில் உலர்ந்தபின் சூளை.

முல்லையாற்றங்கரை வீரபாண்டியில் கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு நேர்த்திக்கடன் செலுத்தத் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் வேண்டும். ஆயிரங்கண் பானையின் கண்களாகிய துளைகளை மண் இறுகுமுன் இட வேண்டும். பிந்தினால் விரிசல் விடும். கைத்திறனின் உச்சம் இதுவே.

மழைக்காலத்தில் வேலை முடங்கும். மண் கிடைப்பதும் நெடுநாள் சிக்கல். நீர்நிலை வண்டலை வட்டாட்சியர் அனுமதியுடன் கட்டணமின்றி எடுக்க, விவசாயிகளோடு மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் 2024இல் தமிழக அரசு வழிசெய்தது.