வேலைநேரக் கணக்கு (தாமிரபரணிப் பகுதி)

வேலைக்கு வந்த பொழுது, வராத பொழுது, வந்தும் கூட்டத்தில் கழிந்த பொழுது ஆகியவற்றை எழுதி வைக்கும் வழக்கம். திருநெல்வேலி வட்டாரத்தின் ஆலை, தோட்டம், அலுவலகம் எல்லாவற்றிலும் வராத பொழுதே கணக்கில் ஏறியது. கூட்டம் வீணாகக்கூடாது என்று விதி செய்த பழைய ஆவணமும் இவ்வட்டாரத்திலேயே உண்டு.

அது மானூர்க் கல்வெட்டு. மானூர், திருநெல்வேலிக்கு வடக்கே சங்கரன்கோவில் சாலையில் உள்ளது. அன்றைய பெயர் மானநிலைநல்லூர். களக்குடி நாட்டைச் சேர்ந்த பிரமதேயம். அம்பலவாணசுவாமி கோயிலிலுள்ள இக்கல்வெட்டு, பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.பி. 800இல் வெட்டப்பட்டது. முரசறைந்து கூடிய மகாசபை தனக்குத்தானே விதித்துக்கொண்ட ஒழுங்குகள் இதில் உள்ளன. ஊரில் நிலப்பங்கு இருந்தால் மட்டும் சபையில் பேசிவிட முடியாது. வேதமும் தருமநூலும் கற்ற நல்லொழுக்கத்தான் ஒருவனே ஒரு பங்குக்கு உரியவனாக வரலாம். விலைக்கு வாங்கிய பங்கு, கொடையாக வந்த பங்கு, சீதனப் பங்கு எதுவானாலும் தகுதி தனியே வேண்டும். கால், அரை, முக்கால் உறுப்பினர் என்ற பேச்சே கூடாது. முழு உரிமை இல்லாதவன் வாரியத்திலும் இடம்பெற முடியாது.

இக்கட்டுரைக்கு வேண்டிய விதி கடைசியில் வருகிறது. சபைக்கு வந்த எந்தக் காரியத்துக்கும் ‘அன்று, அன்று’ என்றே சொல்லிக் குத்துக்கால் போடுபவனும், அவனுக்குத் துணை நிற்பவர்களும், ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். கட்டிவிட்டாலும் விதியிலிருந்து விடுதலை இல்லை. நாழிகைக் கணக்கு இதில் இல்லைதான். ஆனால் கூட்டத்தை இழுத்தடிப்பது பிறருக்குச் செய்யும் நட்டம் என்பதைக் காசில் சொன்னார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த உத்திரமேரூர்க் குடவோலைக்குக் கிடைத்த பாடப்புத்தகப் புகழ் மானூருக்குக் கிடைக்கவில்லை.

மணிக்கணக்கு வந்தது ஆலையோடு. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணி நீர்விசையை நம்பி நூற்பாலை தொடங்கினர், விக்கிரமசிங்கபுரம் ஆலையூரானது. சங்கு ஊதியபின் வருபவன் பிந்தியவன். நூற்பாலையில் வயதுவந்த ஆணுக்கு 12 மணி நேர வரம்பு வந்ததே 1911 சட்டத்தில்தான். 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54, 1946இல் 48 என அது இறங்கியது. 1948 சட்டப்படி 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு. ஆகவே வருகை ஏடு கூலிக்கு மட்டுமன்றி விடுப்புக்கும் ஆதாரமானது.

மலைமேல் கதை வேறு. சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மாஞ்சோலைப் பகுதியில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் படிப்பதைப் பெரட்டு என்பர்; இலங்கை மலையகத்தில் பிரட்டு. மலையகத்தில் ஒரு நாள் வேலை ஒரு ‘பேர்’, குறைந்தால் ‘அரைப்பேர்’. ஆளையே நாளாக எண்ணும் இச்சொல் வழக்கு தனி ஆய்வுக்கு உரியது.

முக்கூடல், மேலப்பாளையம் பீடித் தொழிலில் நேரம் எழுதப்படுவதேயில்லை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கணக்கு. இலையும் தூளும் வாங்கவும் சுற்றிய பீடியை ஒப்படைக்கவும் பெண்கள் கடையில் காத்திருக்கும் நேரம் பாஸ்புக்கில் ஏறாது.

அரசு அலுவலகங்களில் வருகைப் பதிவேடும், வெளியே போகும்போது எழுதும் மூவ்மென்ட் ரிஜிஸ்டரும் உண்டு. கூட்டத்துக்குப் போனவர் ‘ஓ.டி.’ (ஆன் டியூட்டி), எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்பதில்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக்களுக்கு எண் உண்டு, மனுதாரர் நின்ற நேரத்துக்கு இல்லை. கிராம சபையில் எண்ணப்படுவது தலை: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 10,000க்கு மேல் 300 பேர் வந்தால் கூட்டம் செல்லும்.

நூறு நாள் வேலையில் 2023 சனவரி முதல் நாளுக்கு இருமுறை கைபேசிப் படம் கட்டாயமாக்கப்பட்டது. தனியார் அலுவலகங்களில் கைரேகைக் கருவியும் செயலிகளும் உள்ளன. வருகை, விடுப்பு, பணிநேரம் மூன்றையும் பதியும் ‘ஜோஹோ பீப்பிள்’ என்னும் மென்பொருளின் நிறுவனத்துக்குத் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் உண்டு.