ஒற்றை ஆளுக்கு ஓர் உலை

காத்திவாக்கத்தில் ஒரு ஞாயிறன்று, 'கூடி உண்ணும் குடும்பம்' என்னும் பொருளில் மறையுரை ஆற்றினோம். இரவு உணவையாவது வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்று வலியுறுத்தினோம். திருப்பலி முடிந்ததும் பலர் வந்து பாராட்டிச் சென்றனர். எல்லாரும் போன பின், தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மட்டும் ஆலய வாயிற்படியருகே நின்றுகொண்டிருந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் வெளியூரில். "நல்லா சொன்னீங்க சாமி. ஆனா, நான் யாரோட உக்காந்து சாப்பிடறது?" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நாம் விடையின்றி நின்றோம்.

அன்றிரவு பங்கு இல்லத்தில், மீந்திருந்த குழம்பைச் சோற்றில் ஊற்றி, நின்றபடியே உண்டு முடித்தபோதுதான் அக்கேள்வி நமக்கும் உரியது என்பது உறைத்தது. குருத்துவ வாழ்வில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக எத்தனையோ இரவுகள் தனியே உண்டிருக்கிறோம். அதைப் பற்றி ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. தனித்து உண்பது குற்றமா? தண்டனையா? துயரமா? அதற்கும் ஒரு நிறைவு உண்டா? இவ்வினாக்களோடு வரலாற்றைச் சற்றே புரட்டினோம்.

தமிழ் மரபின் தீர்ப்பு

தமிழ் மரபு தனித்துண்ணலை மதிக்கவில்லை. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய புறநானூற்று 182ஆம் பாடல், இவ்வுலகம் யாரால் நிலைத்திருக்கிறது என்று ஆராய்கிறது. அமிழ்தமே கிடைத்தாலும் அதைத் தனியே உண்ணாதவர்களை அது முதல் வரிசையில் வைக்கிறது. வள்ளுவர் இன்னும் கடுமையாகப் பேசுகிறார். சேர்த்து நிறைத்துவைத்த பொருளைத் தானே தனித்து உண்பது, இரந்து நிற்பதைவிடக் கொடியது என்பது ஈகை அதிகாரத்தில் அவர் கூறும் கருத்தாகும்.

மணிமேகலைக் காப்பியமோ இக்கொள்கையை அதன் எல்லைவரை கொண்டுசெல்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் ஏந்திய ஆபுத்திரன், கப்பற் பயணத்தின்போது மணிபல்லவம் என்னும் ஆளற்ற தீவில் விடப்படுகிறான். அங்கு ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லை. தன் ஒருவன் பசிக்காக அப்பாத்திரத்தைப் பயன்படுத்த மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான்.

கண் கலங்கவைக்கும் காட்சி அது. ஆயினும், பெரியவரின் கேள்விக்குப் பின் மீண்டும் படித்தபோது நமக்கு ஓர் அச்சம் தோன்றியது. உடன் உண்ண ஆளில்லாதவர் உண்ணாமலே இருந்துவிட வேண்டுமா?

நம் அண்டை ஊரான திருவொற்றியூரில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. அவரைப் பற்றிய கதையொன்று இக்கேள்விக்கு வேறொரு வழி காட்டுகிறது. திருவிடைமருதூர்க் கோயிலின் ஒரு வாயிலில் பட்டினத்தாரும், மறுவாயிலில் அவர் சீடர் பத்திரகிரியாரும் இருந்தார்களாம். பத்திரகிரியாரிடம் ஒரு திருவோடும், அவரையே சுற்றிவந்த ஒரு நாயும் உண்டு. தம்மிடம் பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், 'எதிர் வாயிலில் ஒரு குடும்பத்தார் இருக்கிறார், அவரிடம் கேள்' என்றாராம். துறவைப் பற்றிய கதை இது. எனினும் நமக்கு அது வேறொன்றையும் சொல்கிறது. உண்கலம் ஒன்றும், அதில் பங்கு கேட்க ஓர் உயிரும் இருந்தால், அதுவே ஒரு குடித்தனம் அன்றோ?

மடத்தின் இரு வழிகள்

திருச்சபையின் வரலாற்றிலும் இரு வழிகளைக் காண்கிறோம். ஆசீர்வாதப்பர் என நாம் அழைக்கும் புனித பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்குநூலில், சிறு குற்றம் செய்த துறவியைப் பொதுப் பந்தியிலிருந்து விலக்கி, மற்றவர்கள் உண்ட பிறகு தனியே உண்ணச் செய்கிறார். அங்கே தனித்துண்ணல் தண்டனை. ஆனால், 1084இல் புனித புரூனோ பிரான்சு நாட்டு மலைப்பகுதியில் தொடங்கிய கார்த்தூசியன் சபையில், துறவியர் தத்தம் அறையிலேயே தனித்து உண்கின்றனர். ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் மட்டுமே கூடி உண்பது அவர்கள் வழக்கம். தொடக்க காலத்தில் ஒவ்வொருவருக்கும் சமைக்கும் பானைகளும் தட்டுகளும் கத்தியும் தீமூட்டும் பொருள்களும் தரப்பட்டன. தம் உணவைத் தாமே சமைத்துக்கொண்டனர். ஒரே திருச்சபை ஓரிடத்தில் தண்டனையாக வைத்ததை மற்றோரிடத்தில் தவமாக ஏற்றிருக்கிறது.

தனித்துண்ணல் சுவராக எழும்புவதும் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, அங்கே முன்பே பணியாற்றிய தம் சபைச் சகோதரரை விட்டுப் பிரிந்து, தனி வீடும் தனிச் சமையலும் அமைத்துக்கொண்டார். நாளைக்கு ஒருவேளை சோறும் காய்கறியும் பாலுமே அவர் உணவு. நற்செய்தி நுழைய வழிதேடியே அவ்வாறு செய்தார். ஆனால் அன்றைய சமூகத்தில் யாருடன் உண்பது என்பது சாதியின் கணக்கு; அதற்குள் நுழைய அவர் தந்த விலைகளுள், உடன் குருவோடு ஒரே பந்தியில் அமர முடியாமற்போனதும் ஒன்று.

விறகும் மண்ணெண்ணெயும்

இனி நம் ஊருக்கு வருவோம். 1801 முதல் 1806 வரை சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே காக்ரேன் என்பவர் வெட்டுவித்த கால்வாய்தான் பின்னர் நீண்டு, பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டின் விறகு, படகுகளில் ஏறி, நம் ஊர் வழியாகவே சென்னையின் அடுப்புகளுக்குச் சென்றது. விறகடுப்புக்கு ஒரு குணம் உண்டு. ஐந்து பேருக்குச் சமைத்தாலும் ஒருவருக்குச் சமைத்தாலும் ஊதுவதும் புகையும் காவலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே வீடற்ற தனியாள் மெஸ்ஸையோ உணவகத்தையோ நாடினார்.

இந்நிலையைக் கருவிகள் மாற்றின. 1892இல் சுவீடன் நாட்டின் லிண்ட்குவிஸ்ட், புகையில்லாமல் மண்ணெண்ணெயில் எரியும் பம்ப் ஸ்டவ்வை உருவாக்கினார். 1910இல் கல்கத்தாவின் மருத்துவர் இந்துமாதவ் மல்லிக், அடுக்குப் பாத்திரத்தில் சோறு, பருப்பு, கறி மூன்றையும் நீராவியால் ஒருசேர வேகவைக்கும் 'இக்மிக்' குக்கரை வகுத்தார். கரியை மூட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போய்த் திரும்பினால் உணவு ஆயத்தமாயிருக்கும். தனியாளின் சமையல் இவ்வாறுதான் எளிதாயிற்று.

அந்த எளிமை நம் ஊருக்குத் தேவைப்பட்ட காலமும் வந்தது. 1949இல் எண்ணூரில் கார்களைப் பொருத்தும் பணி தொடங்கியது. 1955இல் அந்நிறுவனம் அசோக் லேலண்ட் ஆயிற்று. திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை எழுந்தது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. வேலைதேடி வந்தவர்கள் சிற்றறைகளில் குடியேறினர். ஓர் அறையில் மூவர் இருந்தாலும், மூன்று ஷிப்டு முறை அவர்களைத் தனித்தனியே உண்ணவைத்தது. ஒருவர் உலை வைக்கும் நேரத்தில் மற்றவர் உறங்குவார். மூன்றாமவர் இயந்திரத்தின் முன் நிற்பார்.

பெரியவரும் அவ்வாறு வந்தவரே. அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பழங்கதை கேட்டோம். பம்ப் ஸ்டவ்வில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்குவது, அடைத்துக்கொண்டால் பின்னால் குத்திவிடுவது, நீலச் சுவாலை எழுப்பும் இரைச்சல் ஆகியவற்றை ஒரு கலைஞரைப்போல் விவரித்தார். சம்பள நாளில் கழிமுகத்து இறால் வாங்கி, கத்தரிக்காயோடு மண்சட்டியில் வைப்பாராம். பாதி அன்றைக்கு, மீதி மறுநாள் பழஞ்சோற்றுக்கு. கடைசியில் வெறுஞ்சட்டியில் ஒரு பிடி சோற்றைப் போட்டுப் பிசைந்து உண்பாராம். "அந்தச் சட்டிச் சோத்துக்குப் போட்டிக்கு ஆளே கிடையாது சாமி. அது ஒண்ணுதான் தனியா இருந்ததுல லாபம்" என்று சிரித்தார்.

பிறகு அவர் சொன்னதுதான் நம் தேடலுக்கு விடையாயிற்று. சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் செல்வது அஞ்சலகத்துக்காம். ஊரிலிருந்த தாய்க்கும் தங்கைகளுக்கும் மணியார்டர் போன பிறகுதான் இறால். 1880இல் இந்திய அஞ்சல் துறை தொடங்கிய அந்தச் சேவை, எத்தனை வீட்டு உலைகளைக் கொதிக்க வைத்திருக்கும்! வள்ளுவர் கண்டித்தது, குவித்துவைத்துக்கொண்டு தனித்து உண்பவரை. இவர்களோ பிறர் பங்கை முதலில் பரிமாறிவிட்டு, மீந்ததைத் தனித்து உண்டவர்கள். இவர்கள் உண்ணாதிருந்தால் தொலைவில் இருந்தோரும் பசித்திருப்பர். ஆபுத்திரனின் மறுப்பு அறமெனில், இவர்கள் உண்டதும் அறமே.

2011இல் காத்திவாக்கம் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2017இல் பழைய அனல்மின் நிலையம் மூடப்பட்டது. அறைகளோ காலியாகவில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் 5 கிலோ சிலிண்டரில் சமைக்கின்றனர். கைப்பேசி வழியே வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றனர். அவர்கள் தட்டிலும் கண்ணுக்குத் தெரியாத பலர் உடன் அமர்ந்திருக்கின்றனர்.

அனுப்புவதற்கு இனி யாரும் இல்லாத முதியவருக்கு என்ன சொல்வோம்? அரசர் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில், வாழ்வே போதும் என்று பாலைநிலத்துச் செடியின் கீழ்ப் படுத்துவிட்ட எலியாவிடம் வானதூதர் வருகிறார். அறிவுரை கூறவில்லை, தணலில் சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் காட்டி, எழுந்து உண்ணச் சொல்கிறார். எலியா தனியேதான் உண்கிறார். ஆனால் ஒருவர் வந்து எழுப்பினார். தமக்கென ஒரு பிடி அரிசி களைந்து, அளவாய் உப்பிட்டு, அமர்ந்து உண்பவர், இறைவன் தந்த உயிரை மதிக்கிறார். அவரை எழுப்பச் செல்லும் கடமை நம்முடையது. அதை விட்டுவிட்டு, மறையுரை மேடையில் நின்று 'கூடி உண்ணுங்கள்' என்று சொல்லி இறங்கிவிட்டோம்.

அடுத்த வாரத்தில் ஓரிரவு, அவர் வீட்டுக்கு உண்ணச் சென்றோம். அரிசியை அளக்கும்போது அவர் கை சற்றுத் தயங்கியது. "ரெண்டு ஆழாக்கு போட்டு ரொம்ப நாள் ஆச்சு சாமி. தண்ணி அளவு மறந்துபோச்சு" என்றார். சோறு குழைந்துதான் போயிற்று. இறால் குழம்பு ஊற்றி, இருவரும் தரையில் அமர்ந்து உண்டோம். கடைசிச் சட்டிச் சோற்றைப் பிசைந்து, ஓர் உருண்டையை நம் கையில் வைத்தார்.