எரிந்ததால் கிடைத்த கோட்டை

சென்ற வாரம் சாண்டா எலேனாவில் நிறுத்தியிருந்தோம். இன்றைய அமெரிக்காவின் தென் கரோலினா கடற்கரையில் ஸ்பானியர்கள் 1566இல் நிறுவிய ஊர் அது. அந்த டிசம்பரில் 125 வீரர்களோடு அங்கிருந்து உள்நாட்டுக்குக் கிளம்பினார் கேப்டன் ஹுவான் பார்டோ. மெக்சிகோவின் ஸகாடெகாஸ் வெள்ளிச் சுரங்கங்களுக்குத் தரைவழி காண வேண்டும் என்பது உத்தரவு. மலையைத் தாண்டினால் சுரங்கம் வந்துவிடும் என்ற நினைப்பு. நடுவில் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் கிடந்தது யாருக்கும் தெரியாது.

1567 ஜனவரியில், மலையடிவாரத்தில் இருந்த ஜோவாரா என்ற பூர்வகுடி ஊரை அடைந்தார்கள். மேலே பனி. அங்கேயே சான் ஹுவான் கோட்டையைக் கட்டி, 30 பேரை விட்டுவிட்டுப் பார்டோ திரும்பினார். அடுத்த பயணத்தில் இன்னும் ஐந்து கோட்டைகள். வீரர்களுக்குச் சோறு போட்டது அக்கம்பக்கத்து ஊர்கள்தான். விருந்தாளி எஜமானன் ஆகப் பார்த்தால் எத்தனை நாள் பொறுப்பார்கள்? 1568இல் ஆறு கோட்டைகளும் அழிந்தன.

பார்டோவுடன் போன எழுத்தர் ஹுவான் தெ லா பந்தேரா, பயணத்தை விரிவாக எழுதி வைத்திருந்தார். அப்படியிருந்தும் ஜோவாரா எங்கே என்பதில் அறிஞர்கள் வெகுகாலம் தடுமாறினார்கள். வட கரோலினாவின் மோர்கன்டன் அருகே, பெர்ரி தளம் எனப்படும் வயல்வெளியில் 1986இல் டேவிட் மூர் அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்த ஸ்பானிய ஜாடித் துண்டுகள் துப்புக் கொடுத்தன. ஆனால் வயலோ பெரிது, எங்கே தோண்டுவது?

இங்கேதான் காந்தமானி வந்தது. மண்ணில் எப்போதும் கொஞ்சம் இரும்புத் தாது கலந்திருக்கும். அது கடும் சூட்டில் தன் பழைய காந்தத்தை இழந்து, ஆறும்போது பூமியின் காந்தத் திசையைப் பிடித்துக்கொள்ளும். செங்கல் சூளையில் நடப்பதும் இதுதான். பூமியின் காந்தப்புலம் அங்கே சுமார் 50,000 நானோடெஸ்லா. கருவி தேடுவதோ அதில் ஏற்படும் சில நானோடெஸ்லா ஏற்ற இறக்கத்தை. பிடித்து நடப்பவர் இடுப்பில் இரும்புக் கொக்கி வைத்த பெல்ட் கட்டியிருந்தால்கூடக் கணக்கு கெட்டுவிடும்! கயிறு பிடித்தாற்போல் வரிவரியாக நடந்தார்கள். வரைபடத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தன. தோண்டினால், வீரர்கள் குடியிருந்த வீடுகள், எரிந்த கோலத்தில். கோட்டையைக் கொளுத்தியவர்கள் அடையாளத்தையும் அழித்ததாகவே எண்ணியிருப்பார்கள். நெருப்போ முகவரி எழுதிவைத்துவிட்டது.

வீடுகள் கிடைத்த பிறகும் கோட்டை கிடைக்கவில்லை. 2013 கோடையில், அவ்வூர் மக்கள் எழுப்பிய மண்மேட்டை ஆராயத்தான் ராபின் பெக், மூர், கிறிஸ்டோபர் ராட்னிங் குழுவினர் தோண்டினார்கள். மேட்டுக்கு அடியில் தட்டுப்பட்டது கோட்டையின் அகழி! அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க மறுபடி காந்தமானி. அகழியை நிரப்பிய மண் சுற்றியுள்ள மண்ணோடு ஒட்டாமல் தனியே தெரிந்ததால், முழுவதும் தோண்டாமலேயே தடம் பிடிக்க முடிந்தது. கருவி இடத்தைக் காட்டுமே தவிர ஆளைக் காட்டாது; அது ஸ்பானியர் கோட்டை என்று சாட்சி சொன்னவை இரும்பு ஆணிகளும் ஈயக் குண்டுகளும் ஜாடித் துண்டுகளும்தான்.

சுரங்க ஆசை என்ன ஆயிற்று? கோட்டைக்குப் பொறுப்பாக இருந்த எர்னாண்டோ மொயானோ தங்கம் தேடினார், கிடைக்கவில்லை. ஆனால் தங்கம் இல்லாமல் இல்லை: 1799இல் அதே வட கரோலினாவில் கான்ராட் ரீட் என்ற 12 வயதுச் சிறுவன் ஓடையிலிருந்து ஏழு கிலோவுக்கும் அதிக எடையுள்ள மஞ்சள் கல்லை எடுத்து வந்தான். அது தங்கம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். 1802இல் ஒரு நகை வியாபாரி அதை மூன்றரை டாலருக்கு வாங்கிப் போனார்.

(தொடரும்)