அமெரிக்கர் தம் அரசியற் சார்புக்கு இட்ட பெயர்கள்

பிரித்தானிய வரலாற்றைக் கற்றுவிட்டு ஐக்கிய அமெரிக்க வரலாற்றைக் கையிலெடுக்கும் மாணவன் தவறாது இடறும் இடம் ஒன்றுண்டு. கிளாட்ஸ்ரனின் லிபரல் கட்சி அரசாங்கச் செலவைச் சுருக்க முயன்றது. வணிகத்தை அதன் போக்கில் விட்டது. ஆகவே லிபரல் எனப்படுவோர் அரசின் கையைக் கட்டிவைக்க விரும்புவோர் என மாணவன் குறித்துக்கொள்கிறான். அடுத்த தவணையில் சனாதிபதி பிராங்கிளின் றூஸ்வெல்ற்றின் ஆட்சிக்காலம் பாடமாக வருகிறது. அங்கே லிபரல் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டவர் முதியோருக்கு ஓய்வூதியமும் வேலையற்றோருக்கு உதவிப்பணமும் அரசே வழங்க வேண்டும் என்கிறார். "ஐயா, இவற்றுள் எது சரி?" என மாணவன் வினவுகிறான். இரண்டும் சரியே என்னும் விடை எம் மாணவனுக்கும் உவப்பளிப்பதில்லை. வெளிவாரிப் பரீட்சைக்காக இரவில் தனித்திருந்து படித்த காலத்தில் யானும் இவ்விடத்திலேயே இடறினேன். தாராண்மைவாதி, பழமைபேணுவோர் என நாம் தமிழில் வழங்கும் சொற்களும் அவ்விடர்ப்பாட்டை நீக்குவனவாக இல்லை. அச்சொற்களை அமெரிக்கர் எவ்வாறு தமக்குச் சூட்டிக்கொண்டனர் என்பதை வரலாற்று முறையில் நோக்கினாலன்றி ஐயம் தெளியாது.

அமெரிக்கக் குடியரசை நிறுவியோர் கட்சிப் பெயர்களையே வெறுத்தனர். வாஷிங்டன் 1796 இல் வெளியிட்ட பிரியாவிடை உரையில் கட்சி மனப்பான்மையின் தீங்கை விரிவாக எடுத்துரைத்தார். அவர் அமைச்சரவையில் இருந்த அமில்ரனும் யெபர்சனுமோ அதற்கு முன்னரே இரு கட்சிகளுக்கு வித்திட்டுவிட்டனர். கடும் பகைமைக்கிடையே நடந்த தேர்தலில் வென்று 1801 மார்ச் 4 இல் பதவியேற்ற யெபர்சன், கருத்து வேறுபாடு ஒவ்வொன்றும் கொள்கை வேறுபாடு ஆகாது என்றும், நாம் எல்லோரும் குடியரசினர், எல்லோரும் கூட்டாட்சியினர் என்றும் பொருள்படப் பேசினார். இஃது எதிரிகளைத் தணிவிக்கும் உபசார வார்த்தை மாத்திரமன்று. ஐரோப்பாவிற் பழமைபேணுவோர் அரியணையையும் பிரபுக்களின் பரம்பரை உரிமையையும் அரசுசார் திருச்சபையையும் காத்து நின்றனர். அமெரிக்காவிலோ காத்தற்கு அரியணையும் இல்லை, பிரபுக்களும் இல்லை. அங்கே பழைமை என்று ஒருவர் எதையேனும் பேண விரும்பினால் அவர் பேணவேண்டியது 1776 ஆம் ஆண்டின் புரட்சியையே! லூயி ஹாட்ஸ் என்னும் பேராசிரியர் 1955 இல் வெளியிட்ட நூலில் அமெரிக்க மரபு முழுவதும் தாராண்மை மரபே என வாதிட்டமை இதுபற்றியேயாம். நம்மூர் வழக்கிற் சொல்வதாயின், அமெரிக்கரின் அரசியற் சண்டை அயலாரோடு நடக்கும் எல்லைச் சண்டையன்று. ஒரே முதுசொத்துக்கு உரிமை கோரும் சகோதரரின் வழக்கு அது. அம்முதுசொம் விடுதலை என்னும் ஒரு சொல்.

எனினும் ஹாட்ஸின் கூற்றை முழுவதும் ஏற்க எனக்கு மனம் இடந்தரவில்லை. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என எழுதிய யெபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். அச்சொத்தில் எவர்க்குப் பங்குண்டு என்பதே வழக்கின் மூலம் என்பதை அடிமைத்தளையினின்று தப்பிவந்த பிரெடெரிக் டக்ளஸ் நன்கு கண்டார். றொச்செஸ்ரர் நகரில் 1852 யூலை 5 ஆந் தேதி பேசிய அவர், நீங்கள் கொண்டாடும் சுதந்திர தினம் அடிமைக்கு யாது பொருள் தரும் எனத் தம்மை அழைத்தவர்களையே வினவினார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், உள்நாட்டுப் போரின் நடுவே, 1864 ஏப்பிரலில் பால்ரிமோர் நகரிற் பேசிய லிங்கன் இவ்விடயத்தை ஓர் உவமையாற் புலப்படுத்தினார். இடையன் ஆட்டின் கழுத்தைக் கவ்விய ஓநாயை விரட்டுகிறான். ஆடு அவனைத் தன் விடுதலையாளன் என்று போற்றுகிறது. ஓநாயோ அவனை விடுதலையின் பகைவன் என்று தூற்றுகிறது, அந்த ஆடு கறுப்பாடாயின் சொல்லவேண்டியதில்லை. விடுதலை வேண்டும் என்று எல்லோரும் கூறுகின்றனர், ஆயினும் எல்லோரும் ஒரே பொருளைக் கூறவில்லை என்பதே அவர் காட்டிய உண்மை. அமெரிக்க அரசியலைப் பற்றி யான் படித்தவற்றுள் இதனினும் சுருக்கமாகவும் திட்பமாகவும் சொல்லப்பட்டது வேறில்லை.

இனி லிபரல் என்னும் பெயருக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீர்திருத்தம் வேண்டியோர் தம்மை முற்போக்கினர் என்றே அழைத்தனர். தியடோர் றூஸ்வெல்ற் 1912 இல் அப்பெயரிலேயே தனிக்கட்சி கண்டார். லிபரல் என்னும் சொல் அப்பொழுது எவருடைய தனியுடைமையாகவும் இருக்கவில்லை. 1928 ஒக்ரோபரில் நியூயோர்க் நகரிற் பேசிய குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹேபட் ஹூவர், அரசாங்கம் தொழில் வணிகங்களிற் புகுந்தால் அது தாராண்மையாகாது, தாராண்மையின் அழிவேயாகும் என வாதித்தார். அடுத்த ஆண்டிற் பங்குச்சந்தை சரிந்தது. 1933 ஆம் ஆண்டளவில் உழைப்பாளருள் நால்வருக்கு ஒருவர் வேலையின்றி நின்றனர். அவ்வாண்டு மார்ச்சிற் பதவியேற்ற பிராங்கிளின் றூஸ்வெல்ற் தம் திட்டங்களுக்குச் சமவுடைமை என்ற பெயரை அண்டவிடவில்லை. அப்பெயர் அமெரிக்க மண்ணில் வேரூன்றாதது. முற்போக்கு என்னும் பெயரிலோ குடியரசுக் கட்சியின் வாடை வீசிற்று. ஆகவே அவர் லிபரல் என்னும் பெயரைக் கைக்கொண்டார் என்பது என் கருத்து. தனிமனிதன் தன் வலியால் தீர்க்கவியலாத புதிய இடர்கள் தோன்றும்போது அவற்றைத் தீர்ப்பது அரசின் கடமை என்று கருதுவோரே லிபரல் எனவும், அங்ஙனம் கருதாதோர் பழமைபேணுவோர் எனவும் அவர் வரையறுத்தார்.

ஹூவர் இதனைக் கேட்டுக்கொண்டு வாளாவிருக்கவில்லை. 1934 இல் விடுதலைக்கு நேர்ந்த அறைகூவல் எனும் பொருள்பட்ட தலைப்புடன் ஒரு நூல் எழுதி, தாமே மெய்யான தாராண்மைவாதி என நிறுவ முயன்றார். சொற்பொருள் வரலாற்றை மட்டும் வைத்துத் தீர்ப்பளிப்பதாயின் வழக்கு ஹூவர் பக்கமே சாயும். கிளாட்ஸ்ரன் உயிரோடிருந்தால் அவருக்கே சாட்சி சொல்லியிருப்பார். ஆனால் மக்கள் அகராதியைப் பார்த்து வாக்களிப்பதில்லை. 1935 ஓகஸ்ற் 14 இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையொப்பமிடப்பட்டது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் 48 மாநிலங்களுள் இரண்டு தவிர்ந்த ஏனைய யாவும் றூஸ்வெல்ற்றைத் தெரிந்தன. பேச்சுரிமை, வழிபாட்டுரிமை என்பவற்றோடு வறுமையினின்று விடுதலை என்பதையும் 1941 சனவரியில் அவர் சேர்த்துரைத்தபோது, பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் உறுதியாயிற்று. அரசினின்று விடுதலை என்பது அரசினால் விடுதலை என்றாயிற்று. அவ்வுரிமைகளும் எல்லோரையும் எட்டவில்லை. அச்சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரரையும் விலக்கி வைத்தமையால், தென்மாநிலக் கறுப்பின மக்களிற் பெரும்பாலோர் புறத்தே நின்றனர்.

பெயரை இழந்தோர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தமக்கேற்ற பெயரின்றித் தடுமாறினர். றஸல் கேர்க் 1953 இல் வெளியிட்ட பழமைபேணும் சிந்தனை பற்றிய நூலும், 1955 இல் வில்லியம் பக்லி தொடக்கிய சஞ்சிகையும் அப்பெயருக்கு மதிப்பைத் தேடின. 1960 இல் செனற்றர் பரி கோல்ட்வாற்றர் தம் நூற்றலைப்பிலேயே தம்மைப் பழமைபேணுவோன் எனப் பெருமையுடன் அறிவித்தார். கூர்ந்து நோக்கினால் அவர் பேணியது ஹூவரின் பழைய தாராண்மையே. பெயர் மாறிற்று, பொருள் மாறவில்லை.

எனினும் அக்காலத்திற் கட்சியும் சார்பும் ஒன்றாய் இருக்கவில்லை. 1964 யூனில் குடியியல் உரிமைச் சட்டமூலம் செனற் சபையில் 73 வாக்குகளால் நிறைவேறிற்று. எதிர்த்தோர் 27 பேர். எதிர்த்தவருள் 21 பேர் சனநாயகக் கட்சியினர், அவர்களுட் பெரும்பாலோர் தென்மாநிலத்தவர். அறுவர் மாத்திரமே குடியரசுக் கட்சியினர். அவ்வறுவருள் ஒருவர் கோல்ட்வாற்றர். அவ்வாண்டு நவம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலில் அவர் தம் சொந்த மாநிலமாகிய அரிசோனாவையும் தெற்கில் ஐந்து மாநிலங்களையும் மட்டுமே பெற்றார். மிசிசிப்பியில் மாத்திரம் நூற்றுக்கு 87 வாக்குகள் அவருக்கு விழுந்தன. கறுப்பின மக்களுள் மிகப் பெரும்பாலோர் வாக்களிக்க முடியாதவாறு தடுக்கப்பட்டிருந்த மாநிலம் அது என்பதை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும். லிங்கன் சொன்ன உவமை நூறாண்டு கழிந்தும் பொருந்திற்று.

தலைவர்களும் நூலாசிரியர்களும் நிற்க, பொதுமக்கள் இப்பெயர்களை எங்ஙனம் விளங்கிக்கொண்டனர்? மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் கொன்வேர்ஸ், 1956 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது எடுக்கப்பட்ட நேர்காணல்களை ஆராய்ந்து 1964 இல் வெளியிட்ட கட்டுரை அறிஞர் பலரைத் திடுக்கிடச் செய்தது. கொள்கை வழிநின்று கட்சிகளை எடைபோட்டோர் நூற்றுக்கு மூவரினும் குறைவு. ஓரளவுக்கேனும் அங்ஙனம் செய்தோரைச் சேர்த்தாலும் எட்டில் ஒருவரளவே. ஏனையோர் தம் தொழிலுக்கு, தம் இனத்துக்கு, தம் ஊருக்கு எக்கட்சி நன்மை செய்தது என்றே பேசினர். அல்லது காலம் நன்றாயிருந்ததா, தீதாயிருந்ததா என்று மட்டும் நோக்கினர். இதனைப் பேதைமை என இகழ்வாரும் உளர். தன் வயலுக்கு எவர் நீர்விட்டார் என்று பார்ப்பவனைப் பேதை என்று சொல்ல நான் துணியேன்.

இதனினும் வியப்பானது லொயிட் பிறீ, ஹட்லி கன்ரில் என்னும் இருவர் 1964 இல் நடத்தி 1967 இல் நூலாக வெளியிட்ட ஆய்வு. அரசாங்கம் அளவுமீறித் தலையிடுகிறதா, மாநில உரிமை காக்கப்படவேண்டுமா என்று பொதுப்படக் கேட்டபோது ஏறத்தாழ அரைவாசிப்பேர் பழமைபேணுவோராகவே விடையளித்தனர். அம்மக்களிடமே முதியோர் மருத்துவம், கல்விக்கு மத்திய அரசின் பணம், வேலையின்மையைக் குறைத்தல், வீடமைப்பு எனத் தனித்தனியே கேட்டபோது மூன்றில் இரு பங்கினர் லிபரல் பக்கம் நின்றனர். ஒருவரே இரு பட்டியலிலும் இருந்தமை இதனாற் போதரும். இதனை வெறும் முரண்பாடு என ஒதுக்கிவிடலாகாது. அமெரிக்கர் ஒருவர் தம்மைப் பழமைபேணுவோர் எனக் கூறும்போது வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. தம் உழைப்பு, தம் குடும்பம், தம் திருச்சபை, பிறர் கையை எதிர்பாராமை என்னும் விழுமியங்களைப் பற்றிப் பேசுகிறார். தம் தாய்க்கு வரும் ஓய்வூதியமோ அவர் கணக்கில் உரிமை, அரசின் தலையீடன்று!

பெயரின் இவ்வலிமையைத் தேர்தல் நடத்துவோர் நன்கறிந்தனர். 1988 இல் ஜோர்ஜ் புஷ் தம் எதிராளி டுக்காக்கிஸை லிபரல் என்று கூறியே அலைக்கழித்தார். பல வாரம் அப்பெயரைத் தவிர்த்த டுக்காக்கிஸ், றூஸ்வெல்ற், ட்றூமன், கெனடி வழிவந்த லிபரலே தாம் என ஒக்ரோபர் இறுதியில் ஒப்புக்கொண்டார், காலம் கடந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளின் முன் பெரும்பான்மையைப் பெற்றுத்தந்த பெயர் அப்பொழுது வசைச்சொல்லாயிருந்தது.

அதன் பின்னர் நிலைமை மீண்டும் திரும்பியுள்ளது. கலப் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்குப்படி 1992 இல் தம்மை லிபரல் என்றோர் நூற்றுக்கு 17 பேர். 2024 இல் 25 பேர். பழமைபேணுவோர் இவ்விரு ஆண்டுகளிலும் ஏறத்தாழ 37 பேரே. தேய்ந்தது நடுநிலையாளர் தொகையாகும்: 43 இலிருந்து 34. கட்சிகளும் சார்புகளும் இன்று ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. 2024 இல் குடியரசுக் கட்சியினருள் நூற்றுக்கு 77 பேர் பழமைபேணுவோர், சனநாயகக் கட்சியினருள் 55 பேர் லிபரல். அமெரிக்க அரசறிவியற் கழகம் 1950 இல் வெளியிட்ட அறிக்கையொன்று, இரு கட்சிகளும் ஒன்றுபோலிருப்பதால் வாக்காளருக்குத் தெளிவான தெரிவு இல்லை என முறையிட்டது. அவ்வறிக்கையாளர் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. அவர்கள் இன்றிருந்தால் அதனை மகிழ்ந்து ஏற்பார்களோ, அறியேன்.

அதே 2024 இல் எக்கட்சி எனக் கேட்டபோது நூற்றுக்கு 43 பேர் தாம் எக்கட்சியையும் சாராதவர் என்றனர். எப்பக்கமாகவேனும் சாய்வீர்களா என அவர்களை மறுபடியும் கேட்டபோது, பெரும்பாலோர் இரண்டில் ஒரு கட்சியின் பெயரைச் சொன்னார்கள்.