சோறுண்டு, பங்கில்லை!

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் வாசலில் கண்ணிழந்தவரின் தட்டில் காசு விழும். போட்டவருக்குப் புண்ணியம், வாங்கியவருக்கோ முற்பிறவிப் பாவத்தின் பலன்! ஊரார் சொல்லும் கணக்கு இது. ஏழையின் குறையை அவன் தலையிலேயே எழுதிவிட்ட இந்தக் கணக்குக்கு ஒரு சட்டமும் இருந்தது என்பதை அறிவீர்களா, தோழர்களே?

மனுதரும சாத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். பிறவியிலேயே பார்வையற்றவர், செவி கேளாதவர், பேச இயலாதவர், உறுப்புக் குறைந்தவர் ஆகியோருக்குத் தந்தையின் சொத்தில் பங்கில்லை! அடுத்த சுலோகம் இரங்குகிறது: பங்கைப் பெற்றவர்கள் இவர்களுக்குச் சோறும் துணியும் தரவேண்டுமாம். பறித்தது நிலம், கொடுத்தது பிடிசோறு, அதற்குப் பெயர் தருமம்!

ஏட்டிலே கிடந்த பேச்சல்ல இது. வெள்ளையர் ஆட்சியின் நீதிமன்றங்களும் இதையே இந்துச் சட்டமென ஏற்றன. பிறவிக் குருடு, தீராக் குறை என்று மெய்ப்பித்துவிட்டால், காரும் பிசானமும் விளையும் தாமிரபரணி வயல் உடன்பிறந்தாருக்குப் போய்விடும்.

அந்த நாளில்தான், 1890இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். இந்தியாவில் அதற்குமுன் அமிர்தசரசில், 1887இல் தோன்றியது ஒன்றுதான் இருந்தது. 1897இல் அதே பாளையில் புளோரன்சு சுவெய்ன்சன் அம்மையார் செவி கேளாதோர்க்குப் பள்ளி கண்டார். மதம் பரப்ப வந்தவர்கள்தாம், மறைப்பானேன்? ஆனால் முற்பிறவியில் என்ன செய்தாய் என்று கேளாமல், விரலைப் பிடித்துப் புள்ளி எழுத்தின்மேல் வைத்தார்கள். ஆதீனங்கள் மலிந்த நாட்டில் அதற்குக் கப்பலேறி ஒரு பெண் வரவேண்டியிருந்தது.

எழுத்து வந்தது, நிலம் வந்ததா? பிறவியிலேயே பார்வையற்ற இந்துச் சிறுவன் அங்கே படித்துத் தேறினாலும், வீட்டில் அவன் பங்கற்றவன்தான். 1928ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. பிறவி மனநோயாளரையும் அறிவு வளர்ச்சி குன்றியோரையும் மட்டும் வெளியே நிறுத்தியது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவுதான் எந்தக் குறையும் வாரிசுரிமைக்குத் தடையாகாது என்றது. பாளைப் பள்ளி திறந்து 66 ஆண்டுகள் கழித்து! 1929இல் செங்கற்பட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்ட நம் இயக்கம் எதிர்த்ததும் இதே மனுவைத்தானே!

2016ஆம் ஆண்டுச் சட்டம் இரக்கத்தை விட்டு உரிமையைப் பேசியது. அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கியது. 2025இல் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கத் தமிழகச் சட்டமன்றம் வழி செய்தது. பொதுக் கட்டடங்களைச் சீராக்க 2016ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 5 ஆண்டுக் கெடுவோ 2022இலேயே முடிந்துவிட்டது. நான் பாடம் நடத்தும் வகுப்பறைக்கு ஏற நான்கு படிகள்; சாய்தளம் இன்னும் கட்டப்படவில்லை.